ஆனைமலைத் தேனும் கேழ்வரகுப் பாலும்

மாசாணியம்மன் தரிசனத்துக்காகவோ, டாப்ஸ்லிப் காட்டைப் பார்ப்பதற்காகவோ ஆனைமலைப் பக்கம் போகிறவர்கள், ஒரு புட்டி மலைத்தேன் வாங்காமல் திரும்புவது அபூர்வம். காடர், மலசர் முதலிய மலைவாசிகள் உயிரைத் திரணமாக மதித்து எடுக்கும் தேன் அது. அதன் மணத்தையும் ருசியையும் பற்றி நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அந்தப் புட்டி வீடு வந்து சேர்ந்ததும் முதல் துளி யாருடைய நாவில் விழுகிறது என்பதில்தான் நமக்குக் கவலை.

கொங்கு நாட்டில் குழந்தை பிறந்ததும் சேனை வைப்பது வழக்கம். நற்குணம் வாய்ந்த பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ சிசுவின் நாவில் தொட்டு வைப்பார். அவருடைய குணம் குழந்தைக்கும் வரும் என்பது நம்பிக்கை. அப்படியானால் நாட்டில் இத்தனை சண்டைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, அது போகட்டும். தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கலந்திருக்கும். பெரியவர்களின் வயிற்றில் அவற்றின் ஜம்பம் சாயாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலிலோ அவை முளைத்து விஷத்தை உண்டாக்கிவிடக் கூடும். முதலில் மலம் கட்டும், அழுகுரல் மெலியும், கழுத்து தளரும், பால் உறிஞ்சவும் சக்தி இராது, மூச்சுக்கே அபாயம் நேரலாம். அமெரிக்க வைத்தியர்கள் 1976இல் இந்த நோயை இன்னதென்று கண்டறிந்தார்கள். அபூர்வமான நோய்தான். ஆயினும் தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துக்கள் சாவதில்லை. ஆகவே, முதலாவது ஆண்டு நிறைவு வரையில் தேன் புட்டி அலமாரியிலேயே இருக்கட்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பாலைப் புகட்டிவிட்டால், அதைவிடச் சிறந்த சேனை வேறில்லை.

ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் ஒன்றே போதும். பொள்ளாச்சி வெயிலிலும் தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பால் மட்டும் போதாது. இங்கேதான் பல நல்ல குடும்பங்களிலும் குழந்தைகள் பின்தங்குகின்றன. மூன்று கிலோவாகப் பிறந்த குழந்தை ஐந்தாறு மாதத்தில் இரு மடங்காகி, ஒரு வயதில் சுமார் மும்மடங்காக வேண்டும். பாதி வழி வரை ஜோராக ஏறிய எடை, எட்டாவது ஒன்பதாவது மாதத்தில் நின்றுவிடுகிறது. காரணம் என்ன? "பல் முளைக்கட்டும்" என்று சில வீடுகளில் காத்திருக்கிறார்கள். வேறு சில வீடுகளில் பருப்புத் தண்ணீரும் சோற்று வடிநீரும் கொடுத்துத் திருப்தியடைகிறார்கள். குழந்தையின் வயிறோ மிகவும் சிறியது. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் ஆகாரத்துக்கு இடம் ஏது?

கேழ்வரகின் பெருமையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கம்பும் சோளமும் கேழ்வரகும் உண்டு வளர்ந்த சீமை இது. கோயமுத்தூரில் 1923லேயே இத்தானியங்களுக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இன்று ஆனைமலையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தென்னந்தோப்புகள். வீடுகளில் அரிசிச் சோறு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் சுமார் பத்துதான். நம் பாட்டிமார் கேழ்வரகை ஊற வைத்து அரைத்து, துணியில் வடித்துப் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். அதில் ஒரு தொல்லை உண்டு. ஆறினால் கட்டியாகும், தண்ணீர் விட்டு இளக்கினால் சத்து நீர்த்துப் போகும். இதற்குப் பரிகாரம் முளை கட்டுவதுதான். ஓர் இரவு ஊறிய தானியத்தைத் துணியில் முடிந்து வைத்தால், முளைக்கும்போது உண்டாகும் ஒரு பொருள் மாவுச் சத்தை உடைத்து இளக்கிவிடுகிறது. அதை உலர்த்தி, இலேசாக வறுத்துப் பொடித்துக் காய்ச்சினால், அதே தண்ணீருக்கு அதிக மாவு கொள்ளும். குழந்தை விழுங்கவும் சிரமப்படாது. ஒரு கரண்டி தேங்காயெண்ணெயோ நெய்யோ விட்டால் இன்னும் நல்லது.

கேழ்வரகே சர்வ ரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் அம்மையாரும் அவருடைய சகாக்களும் தயாரித்த "குழந்தை அமுது" என்ற மாவில், தானியத்தோடு பாசிப்பருப்பும் நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்திருந்தன. தானியமும் பருப்பும் ஒன்றின் குறையை ஒன்று தீர்க்கும். இனிப்பை மட்டும் கூடிய வரை குறைக்கும்படி இன்றைய வைத்தியர்கள் சொல்கிறார்கள். இரும்புச் சத்துக்கு மசித்த கீரையும், வழக்கமுள்ள வீடுகளில் முட்டையும் ஈரலும் வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் தினம் மூன்று நான்கு வேளை ஆகாரம். இரண்டு வயது வரை தாய்ப்பாலும் தொடரலாம். இவ்வளவும் இருக்க, டப்பா மாவைத் தேடி ஓடுவானேன்? அத்தகைய உணவுகளை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று விளம்பரம் செய்வதையே 1992ஆம் வருஷத்துச் சட்டமும் அதன் 2003ஆம் வருஷத்துத் திருத்தமும் தடுக்கின்றன.

"எங்கள் வம்சமே சிறுகூடு" என்று சமாதானம் சொல்லுகிறவர்களும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் ஆறு தேசங்களில் நன்கு போஷிக்கப்பட்ட குழந்தைகளை அளந்து, 2006இல் வளர்ச்சி அட்டவணையை வெளியிட்டது. டில்லிக் குழந்தைகளும் நார்வேக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்திருந்தார்கள். பழியை வம்சத்தின் மேல் போடுவதற்கு இடமில்லை.

அந்த அட்டவணையும் தராசும் அங்கன்வாடிகளில் இருக்கின்றன. "அது ஏழைகளுக்கு" என்று நம் நேயர்களில் சிலர் ஒதுங்குவது நமக்குத் தெரியும். எங்கே நிறுத்தாலும் சரி, மாதம் ஒரு முறை நிறுத்து, எடையைக் குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் எடை இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் ஏறவில்லையென்றால், பல்லின் மேல் பழி போடாமல், அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.