ஏற்காடு ஏறும் காருக்கு எத்தனை வாட்?

கார் ஸ்டீரியோவின் அட்டைப்பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மொத்தம் 200 வாட். அதே ஸ்டீரியோவின் முதுகில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் 10 ஆம்பியர்தான். இஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்று வைத்தால், அந்த ஃபியூஸ் நீடித்து உள்ளே விடக்கூடியது 144 வாட். 144 உள்ளே போய் 200 வெளியே வராது.

அந்த 50 எப்படி வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுங்கள்: 51.8. ஒலி அலை முழுக்கச் சிதைந்து சதுரமாகி, பாட்டு வெறும் கரகரப்பாகிவிட்ட நிலையில் கிடைக்கும் உச்சம் அது. அலை சிதையாமல் இருந்தால் அதே வோல்ட்டில் ஏட்டுக் கணக்குப்படி 26 வாட். சர்க்யூட்டில் தொலைவது போக ஒரு ஸ்பீக்கருக்கு 18 முதல் 20. தொழிற்சாலையிலிருந்து காரோடு வரும் செட்டுக்கும், கடையில் தனியாக வாங்கும் சாதாரண செட்டுக்கும் ஏறக்குறைய இதே எல்லைதான். சேலத்தில் ஆக்சசரிஸ் கடைப் படி ஏறும்போது மனதில் இருக்க வேண்டிய எண் இந்த 18.

ஏனென்றால் அங்கே முதலில் காட்டப்படுவது ‘300 வாட்’ ஸ்பீக்கராக இருக்கும். அந்த 300, ஸ்பீக்கர் எரியாமல் ஒரு கணம் தாங்கும் அளவு. அது தரும் சத்தம் அல்ல. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் இன்னொரு எண்தான் காசுக்குரியது: சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 18 வாட் கொடுத்தால் கிட்டத்தட்ட 99.5 டெசிபல் வரும். 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே 18 வாட்டில் 104.5. வித்தியாசம் 5 டெசிபல்தானே என்று தோன்றும். அந்த 5-ஐ 87 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்க வேண்டுமென்றால் 57 வாட் வேண்டும், உங்கள் செட்டிடம் இல்லாத 57 வாட். கம்பெனி ஸ்பீக்கர்களைப் பலர் குறை சொல்கிறார்கள். காகிதக் கோன், சின்னக் காந்தம், எல்லாம் உண்மை. ஆனால் கோன் எடை குறைவாக இருப்பதால் அவை குறைந்த வாட்டில் நன்றாகவே சத்தம் கொடுக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு, தனி ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) இல்லாமல், கனமான கோன் உள்ள ‘300 வாட்’ ஜோடியை மாட்டினால், காசு கொடுத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டதாக முடியும்.

சரி, உண்மையில் எத்தனை வாட்தான் செலவாகிறது? 90 டெசிபல் ஸ்பீக்கரில் 80 டெசிபல் அளவுக்குப் பாட்டுக் கேட்டால் பத்தில் ஒரு வாட். தவில் அடியும் டிரம்ஸும் சராசரிக்கு மேல் 15 டெசிபல் எகிறும் என்று வைத்தால் அந்தக் கணத்துக்கு 3 வாட். சமவெளியில், நல்ல சாலையில், 18 வாட் தாராளம்.

மலையில் கணக்கு மாறுகிறது. காரணம் காற்று அல்ல. அதை முதலில் ஒதுக்கிவிடலாம். சேலம் சுமார் 278 மீட்டர் உயரத்தில், ஏற்காடு சுமார் 1,515 மீட்டரில். காற்றின் அடர்த்தி பதினொரு சதவீதம் போலக் குறைகிறது. அதே அசைவுக்கு ஸ்பீக்கர் எழுப்பும் ஒலி ஒரு டெசிபல் குறையும். ஒரு டெசிபலை யாருடைய காதும் கண்டுபிடிக்காது.

கண்டுபிடிக்கக்கூடியது இஞ்சின். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலும் இரண்டாம் கியர்; இஞ்சின் 3,000 சுற்றில் உறுமிக்கொண்டிருக்கும். நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 3,000 சுற்றுக்கு வினாடிக்கு 100. மூன்று சிலிண்டர் என்றால் 75. வேகன் ஆரின் 1.0 லிட்டர் இஞ்சின் மூன்று சிலிண்டர். ஸ்விஃப்ட்டும் 2024 தலைமுறையிலிருந்து மூன்றுதான். இப்போது பேஸ் கிடாரின் நான்கு தந்திகளை எடுங்கள்: 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். மேல் இரண்டு தந்தியும் இஞ்சின் உறுமலின் மேலேயே போய் உட்காருகின்றன. இளையராஜா பாட்டில் பல்லவிக்குக் கீழே தனிக் கதை சொல்லிக்கொண்டு ஓடும் பேஸ், சேலம் அஸ்தம்பட்டி சிக்னலில் தெளிவாகக் கேட்டு, ஏற்றத்தில் காணாமல் போவது இதனால்தான். ஆண் குரலின் அடிச் சுருதி சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ். அதிலும் கீழ்ப்பகுதி மாட்டிக்கொள்கிறது. பெண் குரல் 165-க்கு மேல் தொடங்குவதால் தப்பிக்கிறது.

உடனே வால்யூமைத் திருப்புகிறோம். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். பத்தில் ஒரு வாட் ஒரு வாட்டாகிறது, 3 வாட் உச்சம் 30 ஆகிறது. செட்டிடம் இருப்பது 18. ஏழாவது எட்டாவது வளைவில் பாட்டு கரகரப்பது ஸ்பீக்கர் கெட்டதால் அல்ல. செட்டின் வாட் தீர்ந்துபோனதால். இந்த இடத்தில்தான் 92-க்கும் 87-க்கும் உள்ள வித்தியாசம் விலை பெறுகிறது.

பேஸ் வேண்டுமென்றால் அளவும் வேண்டும். 4 அங்குல ஸ்பீக்கரில் காற்றைத் தள்ளும் பரப்பு தோராயமாக 50 சதுர சென்டிமீட்டர், 5.25 அங்குலத்தில் 90, 6.5 அங்குலத்தில் 130. அதே சத்தத்தில் 100 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்கு இறங்க வேண்டுமென்றால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். சின்னக் கோனுக்கு அந்த ஓட்டம் கிடையாது. கதவில் 6.5-க்கு இடமிருந்தால் அதற்குக் கீழே யோசிக்காதீர்கள். ஆனால் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு வந்துவிடக்கூடாது. கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கர் உட்காரும் தகடுக்கும் கண்ணாடிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிய காந்தம் கண்ணாடியில் இடிக்கும் கதைகள் எல்லா ஃபிட்டரிடமும் உண்டு.

ஓமையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.7 வரை காட்டும். 2-க்குக் கீழே காட்டினால் உங்கள் காரில் கம்பெனியே 2 ஓம் ஸ்பீக்கரும் தனி ஆம்பும் வைத்திருக்கிறது என்று அர்த்தம். விலை உயர்ந்த மாடல்களில் இது உண்டு. அங்கே 4 ஓம் மாட்டினால் வாட் பாதியாகும், 3 டெசிபல் போய்விடும்.

இனிக் கதவு. செலவுக் கணக்கில் கடைசியாக வருவதும், காதில் முதலாவதாகக் கேட்பதும் இதுதான். கோனின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று கழிக்கும். கதவின் உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகள் வழியாகப் பின்பக்க அலை வெளியே வந்தால், பேஸ் அங்கேயே செத்தது. 2 மி.மீ. பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை வெளித்தகட்டிலும் உள்தகட்டு ஓட்டைகள் மேலும் ஒட்டினால் முன்கதவு இரண்டுக்கும் ஏறக்குறைய 2 சதுர மீட்டர், 7 கிலோ எடை. எடை கூடினால் மைலேஜ் போகுமே என்று மலைக்காரர்கள் கேட்பார்கள். கணக்குப் போடுவோம்: 7 கிலோவைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 1,237 மீட்டர் தூக்க 85,000 ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல், இஞ்சின் அதில் கால்பங்கைச் சக்கரத்துக்குத் தருகிறது என்றால், ஓர் ஏற்றத்துக்கு 10 மில்லிலிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஒரு ரூபாய்.

அந்த ஷீட்டின் முதுகில் பளபளக்கும் அலுமினியத் தகடு 0.1 மி.மீ. தடிமன் என்றால் 2 சதுர மீட்டரில் அரை கிலோவுக்குச் சற்று மேல் அலுமினியம். ஒரு பங்கு அலுமினியத்துக்கு நான்கு பங்கு பாக்சைட். ஆக 2 கிலோவுக்கு மேல் சிவப்பு மண். சேர்வராயன் மலையிலிருந்து அந்த மண்ணை வெட்டி மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறக்கிய காலம் ஒன்று இருந்தது. 2008-இல் உருக்காலை நின்றது. இன்று உங்கள் கதவுக்கு வரும் தகடு வேறு ஏதோ மலையுடையது.

ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. ஏற்காட்டில் ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்கு மேல் மழை, பனிமூட்டம் தனி. கண்ணாடி ரப்பரைத் தாண்டி இறங்கும் தண்ணீர் கதவுக்குள் வழிந்து, அடிவிளிம்பில் இருக்கும் வடிகால் ஓட்டைகளில் வெளியேறும். அவற்றை ஷீட்டால் மூடிவிட்டால் கதவு தொட்டியாகி, அடியிலிருந்து துருப்பிடிக்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. சர்வீஸ் மையத்தில் கேட்காமல் அந்தக் கதவைத் தொடவே வேண்டாம். கோன், காகிதத்தைவிடப் பாலிப்ரோப்பிலினாக இருப்பது இந்த ஊருக்கு ஏற்றது, நனைந்தாலும் ஊறாது.

கடையில் ‘ஒயர் மாத்திடலாம் சார்’ என்பார்கள். கம்பெனி ஒயர் 0.5 சதுர மி.மீ. என்று வைப்போம். முன்கதவுக்குப் போய் வர 6 மீட்டர், மின்தடை 0.2 ஓம். 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு மாற்றினால் 0.07. லாபம் கால் டெசிபலுக்குக் கொஞ்சம் கூட. வேண்டாம். காருக்குப் பொருந்தும் கப்ளர் வாங்கி மாட்டினால் கம்பெனி ஒயரை வெட்டவும் வேண்டாம், வாரன்டிக்காரரிடம் வாதாடவும் வேண்டாம்.

10,000 ரூபாய் இருக்கிறதென்றால் நான் பிரிக்கும் விதம் இது: முன்கதவு 6.5 அங்குல ஜோடிக்கு 5,000, இரண்டு கதவு டேம்பிங்குக்கு 2,500, அடாப்டர் வளையம், கப்ளர், ஃபெல்ட் துணிக்கு 1,000, கூலி 1,500. பின்கதவுக்குப் பூஜ்யம். நாலு கதவுக்கும் இதைப் பங்கிட்டால் நாலும் அரைகுறை. டாக்ஸி ஓட்டுபவர் மட்டும் இந்தப் பங்கீட்டை ஏற்க வேண்டியதில்லை. அவருக்குக் காசு கொடுப்பவர் பின்சீட்டில் இருக்கிறார். அவர் டேம்பிங்கை முன்பக்கத்தோடு நிறுத்தி, பின்கதவுக்கு ஓர் எளிய ஸ்பீக்கர் ஜோடி போட்டுக்கொள்ளலாம்.

மாட்டியபின் டோர் பேடை மூடுமுன் 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரியை, ஸ்டீரியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயரின் இரு முனையிலும் ஒரு கணம் தொட வைக்க வேண்டும். அரை வாட்தான், ஒன்றும் ஆகாது. பேட்டரியின் பிளஸ், ஒயரின் பிளஸ் முனையில் படும்போது இரண்டு கோனும் வெளிப்பக்கம் துள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் அதன் ஒயர் மாறியிருக்கிறது. இடமும் வலமும் பேஸைத் தங்களுக்குள் கழித்துக்கொள்ளும், 10,000 ரூபாயும் அதோடு.

மேலே போனபின் ஒரு கணக்கு பாக்கி. ஏற்காட்டின் பகோடா பாயின்ட்டில் டிக்கியைத் திறந்துவைத்து ஒரு மீட்டரில் 90 டெசிபல் அலறவிட்டால், தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அனுமதி. திறந்த வெளியில் 90 அந்த 45-க்கு இறங்க 178 மீட்டர் வேண்டும். டிக்கியையும் கண்ணாடியையும் மூடி 20 டெசிபல் உள்ளேயே தங்கினால் 18 மீட்டர் போதும். பேஸ் மட்டும் தகட்டைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போகும்.