மாயை என்னும் சொல்

சென்ற திங்கள் நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், ‘இல்யூஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் யாது என்று சிறுமி ஒருத்தி வினவினாள். ‘மாயை’ என்று சற்றும் தயங்காது விடையிறுத்தோம். உடனே அவள், “தாத்தா இறந்தபோது வந்தவர்கள் எல்லாரும், ‘எல்லாம் மாயை, அழாதீர்கள்’ என்றார்களே, மாமா! அப்படியென்றால் தாத்தா என்று ஒருவர் இருக்கவே இல்லையா?” என்றாள். நமக்கு நாவெழவில்லை. அடுத்த வாரம் சொல்லுகிறோம் என்று கூறி வகுப்பை முடித்தோம். ஆராயாது உரைத்த ஒரு சொல் குழந்தையின் தாத்தாவையே இல்லாதவராக்கிவிட்டது!

ஆங்கிலச் சொல்லின் வரலாறு எளிது. இலத்தீன் மொழியில் ‘லூதெரே’ என்றால் விளையாடுதல். அது முன்னொட்டுப் பெற்று ‘இல்லூதெரே’ ஆகி, எள்ளி நகையாடுதலைக் குறித்தது. ஏளனம் பின்னர் ஏமாற்று ஆயிற்று. ஏமாற்று நாளடைவில் கண் செய்யும் பிழைக்கும் பெயராயிற்று. நிற்கும் வண்டியில் அமர்ந்திருக்கையில், பக்கத்துத் தண்டவாளத்து வண்டி புறப்பட, நம் வண்டியே நகர்வதாகத் தோன்றுகின்றதன்றோ? அதுவே இது. 1889-இல் மியூல்லர்-லையர் என்னும் ஜெர்மானியர் சம நீளமுள்ள இரு கோடுகளை வரைந்து, ஒன்றன் முனைகளில் உள்நோக்கியும் மற்றதன் முனைகளில் வெளிநோக்கியும் சிறகுகள் இட்டுக் காட்டினார். ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் தோன்றின. அளவுகோல் வைத்துப் பார்த்த பின்னரும் கண் தன் பிழையை விடுவதில்லை.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? வேண்டிய அளவு உண்டு. மணிமேகலையில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையிலே, பிழைபட்ட அறிவின் வகைகள் எட்டு எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று திரியக் கோடல்: கிளிஞ்சலை வெள்ளி என்று கொள்வது. தூரத்தே நிற்பது கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம், அது வேறு. இத்துணை நுட்பமாகப் பகுத்தறிந்த மொழி நம்முடையது. பாலையிலே நீர்போல் தோன்றும் கானலுக்குப் ‘பேய்த்தேர்’ என்று பெயரிட்டனர் பண்டையோர். வெந்த மணலையொட்டிய காற்று மேலுள்ள காற்றினும் இலேசாகி ஒளியை வளைக்க, வானத்தின் சாயல் தரையில் நீராய்த் தெரிகின்றது. நாம் வாழும் இவ்வடபுலத்தார் அதனை மானின் தாகம் என்று பொருள்பட ‘மிருகத்ருஷ்ணா’ என்பர். பேயும் தேரும் எங்கே, தாகித்த மான் எங்கே! நமக்கென்னவோ மான்தான் உள்ளத்தை உருக்குகின்றது.

ஆகவே, ‘இல்யூஷன்’ என்பதற்குத் திரிபு அல்லது திரிபுக்காட்சி என்பதே தக்க சொல். மாயை அன்று. ரிக் வேதத்தில் மாயை என்பது வியத்தகு ஆற்றல். இந்திரன் தன் மாயைகளால் பல வடிவம் கொள்கின்றான். திருக்குறளில், நிறையழிதல் அதிகாரத்துத் தலைவி தன் காதலனைப் பல மாயம் வல்ல கள்வன் என்று கடிகின்றாள். அங்கே அது பசப்பு. இந்நாளையச் செய்தித்தாளில் ‘சிறுவன் மாயம்’ என்றால் காணாமற் போனான் என்பதே பொருள். சங்கரர் வழியினரோ, கயிற்றில் அரவு தோன்றுவதுபோல் பிரமத்தில் உலகம் தோன்றுகின்றது என்றனர். அவர்களும் உலகத்தை முயற்கொம்பு போல் அறவே இல்லாதது என்றாரல்லர். உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்லவொண்ணாதது என்றே கூறினர். துக்க வீட்டில் ‘எல்லாம் மாயை’ என்போர் இந்தப் பாதியை மறந்துவிடுகின்றனர்.

சைவ சித்தாந்தமோ மாயையை உள்பொருள் என்றே கொள்ளும். குடத்துக்கு மண்போல், உடலுக்கும் உலகுக்கும் அதுவே முதற்காரணம். ஆணவம் இருள், அவ்விருளில் விடியுமளவும் உயிருக்கு ஏற்றித் தந்த விளக்கு மாயை என்று, பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் விளக்குகின்றார். விளக்குப் பொய்யன்று, அதன் வெளிச்சமும் பொய்யன்று.

மறு ஞாயிறன்று இவற்றுள் குழந்தைக்கு ஏற்றவற்றை மட்டும் கூறினோம். “தாத்தா இருந்தார், அம்மா. உன்னைத் தோளில் தூக்கியதும் உண்மையே” என்றோம். முக்தி தரும் ஏழு நகரங்களில் நம் காஞ்சியோடு எண்ணப்படும் ஹரித்வாருக்கும் மாயாபுரி என்று பழம்பெயர் உண்டு, அங்கே மாயாதேவி கோயிலும் உண்டு என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னோம். அவள் நிமிர்ந்தாள்.

“அங்கேதான், மாமா, தாத்தாவின் அஸ்தியைக் கரைத்தோம். தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தது.”

பின்னர்த் தன் குறிப்பேட்டில் முன்பு எழுதியிருந்த ‘மாயை’யை அடித்துவிட்டுத் ‘திரிபு’ என்று எழுதிக்கொண்டாள்.