நாட்சிக் கட்சிச் சின்னங்கள்: அசலும் நகலும்

நாட்சிக் கட்சிச் சின்னம் என்பது ஜெர்மனியில் 1945 வரை இயங்கிய தேசிய சோசலிச ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர்கள் மேற்சட்டையில் அணிந்த சிறு உலோக வில்லை ஆகும். வெண்ணிற நடுவட்டத்தில் கறுப்பு சுவஸ்திகாவும், அதைச் சுற்றிய செந்நிற வளையத்தில் கட்சியின் பெயரும் அமைந்திருக்கும். விட்டம் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர். போரின் முடிவில் கட்சியில் சுமார் 85 இலட்சம் உறுப்பினர்கள் இருந்தனர். ஆகவே அசல் சின்னங்கள் அரியவை அல்ல. ஆயினும் போருக்குப் பின் செய்யப்பட்ட நகல்கள் பெருமளவில் புழங்குவதால், ஒரு சின்னத்தின் காலத்தை உறுதிசெய்வது அருங்காட்சியகங்களுக்கும் வரலாற்றாய்வாளர்களுக்கும் தேவையான பணியாக உள்ளது.

நகல்கள் தோன்றிய விதம்

நேச நாடுகளின் கட்டுப்பாட்டு அவை 1945 அக்டோபர் 10 அன்று இயற்றிய 2ஆம் இலக்கச் சட்டம் கட்சியையும் அதன் கிளை அமைப்புகளையும் கலைத்தது. சின்னங்களின் தேவை மட்டும் நின்றுவிடவில்லை. நினைவுப்பொருள் தேடிய படைவீரர்களும், பின்னர் சேகரிப்பாளர்களும் அவற்றை விலைகொடுத்து வாங்கினர். பழைய பட்டறைகள் சில, தம்மிடம் எஞ்சியிருந்த அச்சுகளைக் கொண்டே மீண்டும் அடித்து விற்றன. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த மலிவான நகல்கள் இன்னொரு வகை. திரைப்படத்துக்கும் நாடகத்துக்கும் நேர்மையாகச் செய்யப்பட்டு, பின்னர் 'நகல்' என்ற முத்திரை அராவப்பட்டு அசல் என்று விற்கப்பட்டவை மூன்றாம் வகை. பின்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் அராவிய தடம் காணப்பட்டால் ஐயுற வேண்டும்.

எனாமலும் உலோகமும்

நம்பத்தக்க சான்று பெரும்பாலும் செய்முறையிலேயே கிடைக்கிறது. தொடக்ககாலச் சின்னங்கள் செம்பு அல்லது செம்பு மிகுந்த உலோகக்கலவைத் தகட்டை எஃகு அச்சில் அழுத்தி அடித்துச் செய்யப்பட்டவை. அதன் பள்ளங்களில் நிறமூட்டிய கண்ணாடித் தூளை இட்டு, சுமார் 700 முதல் 850 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டு, பின் தேய்த்து மெருகிட்டனர். இதுவே எனாமல். உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால் இதில் ஆங்காங்கே மிகச்சிறு காற்றுக் குமிழிகள் தெரியலாம். உடைந்த இடம், கண்ணாடி உடைவதுபோல், சிப்பியின் உட்புறத்தை ஒத்த வளைவுகளுடன் காணப்படும். நகல்களில் எனாமலுக்குப் பதிலாகச் செயற்கைப் பிசினை ஊற்றுவது வழக்கம். அது விளிம்புகளில் சற்றே புடைத்தோ குழிந்தோ நிற்கும். உடையாமல் கீறல் விழும். ஊசியால் கீறிப் பார்க்கும் பழக்கம் அசலையும் கெடுக்கக்கூடியது என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

போர் நீடித்தபோது செம்பு படைத்தளவாடங்களுக்குத் தேவைப்பட்டது. சின்னங்கள் துத்தநாகத்தில் அடிக்கப்பட்டு, அவற்றின் மேல் வண்ணம் பூசப்பட்டது. துத்தநாகம் சுமார் 420 பாகையிலேயே உருகிவிடும். அதன்மேல் கண்ணாடி எனாமலைச் சுட இயலாது. எனவே வண்ணப்பூச்சு இருப்பதாலேயே ஒரு சின்னம் போலி ஆகிவிடாது. மாறாக, துத்தநாகத்தில் சுட்ட எனாமல் என்று விற்பனைக்கு வருவது செய்முறைக்கே முரணானது. உலோகமும் பூச்சும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதையே முதலில் நோக்க வேண்டும்.

அச்சில் அடித்த சின்னத்தில் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் அவை மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தோன்றும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால், அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் சற்றுச் சிறியதாகிவிடும். நுண்ணளவியால் அளந்து, ஐயமற்ற அசலுடன் ஒப்பிட்டால் இது புலப்படும். எடையை மட்டும் கொண்டு முடிவு செய்வது பயனற்றது. ஈயம் கலந்த வார்ப்பும் கையில் கனக்கும்.

பின்புற முத்திரைகள்

மியூனிக்கில் இயங்கிய கட்சித் தளவாட அலுவலகம், அதாவது ரைக்சுட்சொய்க்மைசுடெரை, சின்னங்கள் செய்ய உரிமம் வழங்கியது. உரிமம் பெற்றவற்றில் அதன் சுருக்கமான ஆர்.இசட்.எம் என்னும் மூன்றெழுத்தும், எம்1 என்பதைத் தொடர்ந்து சாய்கோடும் பட்டறையின் எண்ணும் பொறிக்கப்பட்டன. இம்முறைக்கு முந்திய சின்னங்களில் 'சட்டப்பாதுகாப்புப் பெற்றது' என்று பொருள்தரும் ஜெர்மன் சுருக்கமோ பட்டறையின் பெயரோ காணப்படும்.

முத்திரையைப் பார்த்தவுடன் நம்பிவிடுவதே புதியவர்கள் எளிதில் ஏமாறும் இடம். போலி செய்பவர் முதலில் பொறிப்பதும் அதைத்தான். முத்திரை குறிக்கும் பட்டறையின் ஐயமற்ற சின்னம் ஒன்றுடன் எழுத்தமைப்பு, ஊசியின் வடிவம், அது பற்றாசு வைத்து இணைக்கப்பட்ட விதம், அச்சிலிருந்த சிறு பழுதுகள் ஆகியவற்றை ஒப்பிட்டால்தான் முத்திரை சான்றாகும். பழைய அச்சிலேயே மீண்டும் அடித்தவற்றில் முன்புறம் முழுமையாகப் பொருந்திவிடும் என்பதால், அங்கு ஊசியும் பூச்சும் உலோகமுமே உதவுகின்றன. எக்சு-கதிர் ஒளிர்வுப் பகுப்பாய்வு பொருளைச் சிதைக்காமல் உலோகக்கலவையைக் காட்டும்.

கைப்பட்டி போன்ற துணிச் சின்னங்களில், போருக்குப் பின்னரே சந்தைக்கு வந்த பாலியெசுட்டர் நூல் இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. புற ஊதாக்கதிரில் துணி வெண்மையாக ஒளிர்வது அவ்வளவு உறுதியான சான்றன்று. பழைய துணியைப் பிற்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அவ்வாறு ஒளிரும்.

பொன் சின்னம்

1933இல் ஏற்படுத்தப்பட்ட பொன் கட்சிச் சின்னம், 1925இல் கட்சி மீண்டும் நிறுவப்பட்டதிலிருந்து இடைவிடாது உறுப்பினராக இருந்தவர்களுள் 1,00,000 வரையான உறுப்பினர் எண் பெற்றவர்களுக்குரியது. வழக்கமான சின்னத்தைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய இலைமாலை இருக்கும். பின்புறத்தில் உறுப்பினரின் எண் பொறிக்கப்படும். சிறப்பு மதிப்பாக வழங்கப்பட்டவையும் உண்டு. 1937 சனவரி 30 அன்று ஹிட்லர் தம் அமைச்சர்களுக்கு இதை வழங்கியபோது, போக்குவரத்து அமைச்சர் எல்ட்சு-ரூபெனாக் ஏற்க மறுத்துப் பதவி இழந்தார்.

எண் ஒருவரைச் சுட்டுவதால் இங்கு போலியின் விளைவு பணத்தோடு முடிவதில்லை. ஒருவருடைய எண்ணை வெற்றுச் சின்னத்தில் பின்னர் வெட்டிச் சேர்த்தால், அவர் பெறாத சிறப்பொன்று அவர் பெயரில் ஏறிவிடுகிறது. கட்சியின் உறுப்பினர் அட்டைகளின் பெரும்பகுதி அழிவிலிருந்து தப்பி, பெர்லின் ஆவண நடுவத்தில் அமெரிக்கரின் பொறுப்பில் இருந்து, 1994இல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டது. எண்ணுக்குரியவரையும் அவர் சேர்ந்த நாளையும் இவ்வட்டைகளில் தேடலாம். ஆனால் அட்டையும் எண்ணும் பொருந்துவது அத்தகைய உறுப்பினர் ஒருவர் இருந்ததை மட்டுமே மெய்ப்பிக்கும். கையிலுள்ள சின்னம் அவருடையதுதானா என்பதற்கு வெட்டிய எண்ணின் கோடுகளுக்குள் படிந்துள்ள களிம்பையும் தேய்மானத்தையும் சுற்றியுள்ள பரப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழைய பரப்பில் புதுக்கோடு வெட்டினால் அதன் உட்புறம் பளிச்சென்று தெரியும். அமிலத்தால் கறுக்கச் செய்திருந்தால் கறை கோட்டுக்கு வெளியேயும் பரவியிருக்கக்கூடும்.