காகிதத்தில் ஓர் இயந்திர மனிதன்

பள்ளி ஆண்டு விழா நெருங்கும்போது சக்குபள்ளத்திலும் அணைக்கரையிலும் உள்ள நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளைக்கு என்ன வேடம் போடுவது? முன்பெல்லாம் விடை எளிதாய் இருந்தது. முண்டாசும் கறுப்புக் கோட்டும் இருந்தால் பாரதியார். வெள்ளைச் சேலையும் ஒரு கோலும் இருந்தால் ஔவையார். இக்காலப் பிள்ளைகளோ இயந்திர மனிதனாக வேண்டும் என்கிறார்கள். மார்பில் விளக்கு எரிய வேண்டும், கையில் கவசம் பளபளக்க வேண்டும், முகத்தை இரும்பு மூடி மறைக்க வேண்டும். ஆயத்த உடையாக அதனை விலைக்கு வாங்கப் புகுந்தால் ஏலத் தோட்டத்தில் பல நாள் பழம் பறித்த கூலி ஒரே மாலைப் பொழுதில் கரைந்துபோகும். “நமக்கு அதெல்லாம் எதற்கு?” என்று பெற்றோர் சொல்லிவிட, பிள்ளை முகம் வாடி நிற்கும்.

அவ்வாறு வாட வேண்டிய தேவை இல்லை. அக்கவசத்தைக் காகிதத்தாலேயே செய்யலாம். செய்யும் முறையை மட்டும் நம் வீட்டின் இயல்புக்கேற்ப மாற்றிக்கொள்ளல் வேண்டும். ஏன் மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. அதற்குமுன் அடிப்படைச் செய்திகள் சில.

‘ரோபோ’ என்னும் சொல் ஒரு நாடகக் கொட்டகையில் பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகம் 1921இல் பிராகு நகரில் மேடையேறியபோது அச்சொல் உலகிற்கு அறிமுகமாயிற்று. 1948இல் நோர்பர்ட் வீனர் என்னும் கணித அறிஞர் ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்ற பெயரில் ஒரு புதிய துறைக்கு நூல் வகுத்தார். கப்பலைச் செலுத்துபவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை எடுத்தார். நம் முன்னோர் ‘மீகாமன்’ என்றார்களே, அவனேதான். பாதி மனிதன் பாதி இயந்திரம் என்ற பொருளில் ‘சைபார்க்’ என்னும் சொல்லை 1960இல் கிளைன்ஸ், கிளைன் என்னும் இருவர் ஆக்கினர். தமிழில் இந்த உலகத்தைக் குடும்பங்களுக்குள் கொண்டுவந்தவர் சுஜாதா. அவரது ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை அறியாத தமிழ் வாசகர் குறைவு. பின்னர் 2010இல் வெளிவந்த சங்கரின் ‘எந்திரன்’ சிட்டியைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டு சேர்த்தது. அப்படத்தின் இயந்திர உருவங்களுக்காக அமெரிக்காவின் லெகஸி எஃபெக்ட்ஸ் நிறுவனத்தாரின் உதவி நாடப்பட்டது.

திரையில் நாம் கண்டு வியந்த இரும்பு உடல்களில் பல இரும்பால் ஆனவை அல்ல. 1927இல் வெளிவந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் ஜெர்மானிய ஊமைப்படத்தில் ஒரு பெண் இயந்திரம் வருகிறது. வால்ட்டர் ஷுல்ட்ஸே மிட்டெண்டார்ஃப் என்னும் சிற்பி, நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடலை அச்செடுத்து, அதன்மீது மரக்கூழ் போன்றதொரு பொருளைப் பரப்பிச் செதுக்கி, வெள்ளிப் பூச்சுப் பூசி அதனை ஆக்கினார். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் பொன்னிற இயந்திர மனிதனுக்குள் இருந்தவர் ஆன்டனி டேனியல்ஸ். 1976இல் துனீசியப் பாலைவனத்தில் முதன்முதல் அவ்வுடையை முழுமையாக அணிந்தபோது, கால்பகுதி உடைந்து அவர் பாதத்தையே குத்திற்று. கோடிக்கணக்கில் செலவிட்டோருக்கே இந்த நிலை! உடை அழகாயிருப்பது ஒன்று. அணிந்து நடக்கத் தக்கதாயிருப்பது வேறொன்று.

இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தவர்கள் நம் தெருக்கூத்துக் கலைஞர்கள். கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் ஆகியவற்றை எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டி, விடியும்வரை சுழன்றாடத் தக்கவாறு கயிற்றால் கட்டிக்கொள்கிறார்கள். நமக்கு அண்டை மாவட்டமான பத்தனம்திட்டையில் படையணி ஆடுவோர் கமுகம்பாளையைத் தைத்துப் பெரிய பெரிய கோலங்களைத் தலையில் தாங்குகிறார்கள். கதகளியில் முகத்தைச் சுற்றியுள்ள வெண்சுட்டி முன்பு அரிசிமாவும் சுண்ணாம்பும் கலந்து அடுக்கடுக்காக இடப்பட்டது. இன்று அதன் விளிம்பு காகிதத்தால் வெட்டி ஒட்டப்படுகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் காகிதக்கூழில் உருவாவதுதான். ஆகவே காகிதக் கவசம் நமக்கு அந்நியமான சரக்கு அன்று.

இனிச் செய்முறை. ஒரு பருப்பொருளின் மேற்பரப்பைப் பிரித்து ஒரே தளத்தில் விரித்தால் கிடைப்பது விரிபடம். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1525இல் வெளியிட்ட அளவையியல் நூலில் இத்தகைய படங்களை வரைந்து காட்டினார். ஒரு கனசதுரத்திற்கு 12 விளிம்புகள் உண்டு. அவற்றுள் 7ஐ வெட்டி 5ஐ மடிப்பாக விட்டால் அது விரிந்துவிடும். அவ்வாறு விரிக்க 11 வகைகள் உள்ளன. குழிவற்ற பன்முக வடிவம் எதுவாயினும் விளிம்போரமாக வெட்டி ஒரே துண்டாக விரித்துவிட முடியுமா என்று 1975இல் ஷெப்பர்டு என்னும் கணித அறிஞர் எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை எவரும் விடை காணவில்லை. குழந்தை விளையாட்டு என்று நாம் நினைப்பதற்குள் இவ்வளவு ஆழம்!

ஜப்பானியர் இக்கலையைச் சுருக்கமாகப் ‘பெபகுரா’ என்பர். கணிப்பொறியில் வரைந்த உருவத்தை விரிபடமாக மாற்றித் தரும் மென்பொருளும் அப்பெயரிலேயே அங்கு உருவாயிற்று. தலைக்கவசம், தோள்மூடி, கைக்காப்பு என ஒவ்வொன்றுக்கும் ஆர்வலர்கள் ஆக்கிய விரிபடங்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அவற்றைக் கெட்டி அட்டையில் அச்சிட்டு, வெட்டி, மடித்து, எண் பார்த்து ஒட்ட வேண்டும். கோடுகளில் இருவகை உண்டு: முகடாக மேலெழும்பும் மலை மடிப்பு, உட்குழியும் பள்ள மடிப்பு. மலையும் பள்ளமும் சக்குபள்ளத்துப் பிள்ளைகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. எது எந்தக் கோடு என்ற குறிப்பு தாளிலேயே இருக்கும். அதனைப் படித்த பின்னரே கத்தரியை எடுக்க வேண்டும். மை தீர்ந்த பேனா முனையால் கோட்டின்மீது அளவுகோல் வைத்து அழுத்தி இழுத்தபின் மடித்தால் மடிப்பு நேராக விழும்.

முதல் வேலை அளவெடுத்தல். பலரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். விரிபடத்தின் தலைக்கவசம் 30 சென்டிமீட்டர் உயரம் என்று கொள்வோம். பிள்ளையின் மோவாய் முதல் உச்சி வரை 20 சென்டிமீட்டர். காற்றோட்டத்திற்கும் உள்ளே வைக்கும் பஞ்சிற்கும் மேலும் 4. ஆக நமக்கு வேண்டியது 24. எனவே 80 விழுக்காட்டில் அச்சிட வேண்டும். நீளம் 80 விழுக்காடாகும்போது பரப்பு 64 விழுக்காடே ஆகும். 25 தாள் வேண்டிய கவசத்திற்கு ஏறக்குறைய 16 தாள் போதும். ‘பக்கத்திற்குப் பொருந்துமாறு’ என்ற ஏற்பாட்டில் அச்சிட்டால் கணக்கனைத்தும் கெடும். ஆதலின் படத்தில் 10 சென்டிமீட்டர்க் கோடு ஒன்று போட்டு, அச்சான தாளில் அதனை அளந்து பார்த்த பின்னரே கடைக்காரருக்குப் பணம் கொடுக்கவும். இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குச் சரிபார்க்காத கணக்கின்மீது நம்பிக்கை இல்லை.

அட்டையின் கனம் சதுர மீட்டருக்கு 200 கிராம் என்ற அளவில் இருத்தல் நலம். கல்யாணப் பத்திரிகை அட்டையை நினைத்துக்கொள்ளலாம். பழைய இரயில் அட்டைச் சீட்டு ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் கனம் இருந்தது. அத்தனை கனமானால் நுண்ணிய மடிப்பு விழாது, உடையும். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. எனவே 200 கிராம் அட்டையில் ஒரு தாளின் எடை பன்னிரண்டரை கிராம். முழுக் கவசத்திற்கு 80 தாள் செலவானாலும் ஒரு கிலோதான். பிள்ளைகள் நாள்தோறும் சுமக்கும் புத்தகப் பை இதைவிடக் கனக்கும்!

இங்கே ஓர் எச்சரிக்கை. மேல்நாட்டார் எழுதும் செய்முறைகளுள் பல, காகிதக் கூடு முடிந்தவுடன் அதன்மீது பாலியெஸ்டர் ரெசினைப் பூசி உட்புறம் கண்ணாடியிழை ஒட்டச் சொல்கின்றன. அவர்களிடம் தனிக்கொட்டகையும் வாயுமுகமூடியும் இருக்கலாம். நம் லயத்து வீடுகளில் சமையலும் படுக்கையும் படிப்பும் இரண்டு அறைகளுக்குள் நடக்கின்றன. மழைக்காலத்தில் சன்னலையும் திறப்பதில்லை. அந்த ரெசினிலிருந்து எழும் ஸ்டைரின் ஆவி மூச்சையும் மூளையையும் தாக்குவது, எளிதில் தீப்பற்றுவது. கெட்டிப்படுத்தச் சேர்க்கும் திரவத்தில் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். கண்ணாடியிழையைத் தேய்க்கும்போது பறக்கும் தூளோ தோலையும் தொண்டையையும் அறுக்கும். அடுப்பெரியும் வீட்டில், கைக்குழந்தை உறங்கும் அறையில், ஒரு மாலை வேடத்திற்காக இதனைச் செய்வது எவ்வகையிலும் தகாது. “வாசலில் வைத்துச் செய்கிறேன்” என்று அண்ணன்மார் சொன்னாலும் ஒப்ப வேண்டா. லயத்தில் ஒருவர் வாசல் அடுத்தவர் சன்னலுக்கு எதிரிலன்றோ இருக்கிறது!

மாற்று வழி நம் பாட்டிமார் அறிந்ததே. செய்தித்தாளை விரலகலக் கீற்றுகளாகக் கிழித்து, மைதாப் பசையில் அல்லது நீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்துக் கவசத்தின் உட்புறம் ஒட்டுக. ஓர் அடுக்கு முற்றும் உலர்ந்த பின்னரே அடுத்ததை ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈர அடுக்குகளை ஏற்றினால் கவசம் நெளிந்து கோணும். மூன்று நான்கு அடுக்குகளில் தட்டினால் ஒலிக்கும் உறுதி வந்துவிடும். சுவரொட்டிப் பசையில் பூச்சி வாராதிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளையின் வாய்க்கும் மூக்கிற்கும் அருகே வரும் பொருளில் அதனைச் சேர்த்தலாகாது.

உலர்த்துவதுதான் நம் ஊரில் பெரும்பாடு. தை, மாசியில் வெயில் உதவும். ஆகஸ்டு 15 விழாவுக்கென்றால் கொட்டும் மழையிலும் மூடுபனியிலும் ஓர் அடுக்கு காய இரண்டு நாளும் ஆகலாம். எனவே மூன்று வாரம் முன்னதாகவே தொடங்குக. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வைத்தால் விரைவில் காயுமே என்று சிலர் எண்ணக்கூடும். ஏலக்காய் பிற மணத்தைச் சட்டென்று ஏற்கும் பொருள். முதலாளி இசையமாட்டார், கேட்கவும் வேண்டா. அடுப்பங்கரையில் தீப்பொறி எட்டாத தொலைவில் கயிறு கட்டித் தொங்கவிடுவதே போதுமானது.

காய்ந்தபின் கறுப்பு வண்ணம் பூசி, பென்சில் கரித்தூளைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். இரும்பின் மங்கிய பளபளப்பு அப்படியே வந்துவிடும். விளிம்புகளில் மட்டும் வெள்ளி வண்ணம் சிறிது தொட்டால் தேய்ந்த உலோகம் போலத் தோன்றும். முழுவதும் வெள்ளியைப் பூசினால் எவர்சில்வர்ப் பாத்திரம்போல் ஆகிவிடும் என்பது என் கருத்து.

அணியும் வகையில் கவனம் வேண்டும். முழங்கையும் முழங்காலும் மடங்குமிடத்தில் அட்டையே இருத்தலாகாது. அங்கே இரண்டு துண்டுகளையும் அகன்ற எலாஸ்டிக் பட்டையால் இணைக்க வேண்டும். புஜகீர்த்தியைப்போலத் தோள்மூடி தோளின்மேல் தொங்கினால்தான் கை உயரும். தலைக்கவசத்தைப் பின்புறம் இரண்டாகப் பிளந்து ஒட்டுப்பட்டை வைத்துவிட்டால் பிள்ளை தானே கழற்றிக்கொள்ளும். கண் துளைகளை ஒளித்தாளால் அடைக்காமல் கறுப்புக் கொசுவலைத் துணியை உள்ளே ஒட்டுக. வெளியிலிருந்து கண் தெரியாது, உள்ளிருந்து வழியும் தெரியும், மூச்சும் தடைப்படாது. அங்ஙனமிருந்தும் பக்கப் பார்வை குறைந்தே இருக்கும். ஆகையால் மேடைக்கு ஏறும் படியிலும் நம் சரிவுப் பாதைகளிலும் ஒருவர் கைபிடித்து நடத்துதல் நலம். மார்பு விளக்கிற்குச் சிறு சிவப்பு எல்.இ.டி. ஒன்றும், 100 ஓம் தடை ஒன்றும், தொடராக இணைத்த இரண்டு பென்சில் செல்களும் போதும். பொத்தான்போன்ற தட்டைச் செல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சிறு குழந்தை அதனை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழல் வெந்துவிடக்கூடும்.

2021ஆம் ஆண்டு மணிப்பூரில் ஹெய்ரோக் என்னும் ஊரின் மாணவர் ஒருவர், வீசியெறிந்த அட்டைப்பெட்டிகளையும் பழுதான மின்கருவிகளின் உறுப்புகளையும் கொண்டு, ‘அயர்ன் மேன்’ கவசத்தைத் தாமே ஆக்கினார். அவருக்கு முறையான பயிற்சி எதுவும் இல்லை. படத்தைப் பார்த்துப் பார்த்தே செய்தார். செய்தி தொழிலதிபர் ஆனந்த் மகிந்திராவின் கண்ணில் பட, அம்மாணவருக்கு ஐதராபாத்தின் மகிந்திரா பல்கலைக்கழகத்தில் பயில வாய்ப்புக் கிட்டிற்று. எல்லாப் பிள்ளைக்கும் அவ்வாறு கிட்டும் என்று சொல்லவரவில்லை. ஆயினும் 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாக நடந்த காமிக் கான் விழாவிற்குப் பெரியவர்களே இத்தகைய வேடமணிந்து வந்தார்கள் என்பதை, “வெட்டி வேலை” என்று கடியும் பெற்றோர் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

தொடங்குவோர் தலைக்கவசத்தில் தொடங்க வேண்டா. அதில் மடிப்பும் மிகுதி, சலிப்பும் மிகுதி. நான்கைந்து தாளில் முடியும் கைக்காப்பு ஒன்றை முதலில் செய்யுங்கள். அண்ணன் வெட்ட, தங்கை எண் பார்த்து ஒட்ட, ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அது முடிந்துவிடும். இரண்டாவது கைக்காப்பிற்கு அதே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சிட மறவாதீர். இல்லையேல் இரண்டும் வலக்கைக்கே பொருந்தும்.