சேர்வர் தோற்கும்போதுதான் கசிகிறது

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் இணையத்தளம் முடங்கினால் காரணம் எல்லோருக்கும் விளங்கும். ஒரே நேரத்தில் பெருந்தொகையானோர் உள்ளே நுழைகிறார்கள். ஆனால் எந்த நெரிசலும் இல்லாத ஒரு சாதாரண நாளில், வாரக்கணக்காக ஒழுங்காக இயங்கிய சேர்வர் திடீரெனப் பதிலளிக்காமல் நின்றுவிடுவதும் உண்டு. நிறுத்தி மீண்டும் இயக்கினால் சரியாகிவிடும். சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. பல தடவைகளில் இதன் பின்னால் இருப்பது வளக் கசிவு.

தன்னைத் தொடர்புகொள்ளும் ஒவ்வொருவருக்காகவும் சேர்வர் ஓர் இணைப்பைத் திறக்கிறது. கொஞ்சம் நினைவகத்தையும் ஒதுக்குகிறது. வேலை முடிந்ததும் இரண்டையும் விடுவிக்க வேண்டும். பல லினக்ஸ் கணினிகளில், ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளும் இணைப்புகளும் சேர்த்து, மாற்றாமல் விட்டால், 1024 மட்டுமே. நாளொன்றுக்கு 40 இணைப்புகள் மூடப்படாமல் போனால் நான்கு வாரங்களுக்குள் அந்த எல்லை வந்துவிடும்.

2012 ஒக்டோபர் 22ஆம் திகதி அமேசனின் வடக்கு வேர்ஜினியா தரவு நிலையத்தில் நடந்தது இதன் பெரிய வடிவம். பழுதடைந்த ஒரு தரவுச் சேகரிப்பு சேர்வருக்குப் பதிலாகப் புதியது வைக்கப்பட்டது. ஆனால் அதன் புதிய முகவரி உள்ளக முகவரிப் பதிவேடுகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரவில்லை. அதனால் சில சேமிப்பு சேர்வர்களில் இருந்த சிறிய கண்காணிப்பு நிரல், இல்லாத இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருந்தது. அதில் மறைந்திருந்த வழு, இந்த முயற்சிகளின்போது நினைவகத்தை மெல்ல மெல்ல விழுங்கியது. கண்காணிப்புத் தரவு கொஞ்சம் தவறினாலும் பாதகமில்லை என்ற வடிவமைப்பு என்பதால் எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. கடைசியில் சேமிப்பு சேர்வர்களே திணற, ரெடிட் உட்படப் பல தளங்கள் முடங்கின. முக்கியமே இல்லாத ஒரு நிரல் செய்த வேலை இது!

இதில் கவனிக்க வேண்டியது, எல்லாம் சரியாக நடந்த வரை அந்த வழு வெளியே தெரியவில்லை என்பதுதான். வழமையான சோதனைகளோ பெரும்பாலும் சரியான கேள்விக்குச் சரியான பதில் வருகிறதா என்று மட்டுமே பார்க்கின்றன. கசிவைத் தேட வேறு விதமாகச் சோதிக்க வேண்டும். முதலில் சேர்வரைக் கொஞ்ச நேரம் இயக்கி, திறந்திருக்கும் இணைப்புகளையும் நினைவகப் பயன்பாட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருப்பவற்றை எண்ணுவது மிக எளிது. பிறகு ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை அனுப்ப வேண்டும், வேண்டுமென்றே குழப்பியும் அனுப்ப வேண்டும்: பாதியில் துண்டிப்பது, பதிலை வாசிக்காமலே போய்விடுவது, தரவுத்தளத்தை நடுவில் நிறுத்துவது, பிழையான முகவரியைக் கொடுப்பது. எல்லாம் ஓய்ந்த பின் மறுபடி எண்ண வேண்டும். இணைப்புகளின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் எங்கோ கசிகிறது. நினைவகம் அப்படி அப்படியே திரும்பாது என்பதால், இதே சுற்றைப் பல தடவை நடத்தி, ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜாவா, கோ போன்ற மொழிகள் நினைவகத்தைத் தாமே துப்புரவு செய்வதால் கவலையில்லை என்பார்கள். திறந்த இணைப்பை மூட மறந்தால் அவற்றிலும் கசியும்.

நள்ளிரவில் சேர்வரைத் தானாக மறுதொடக்கம் செய்ய வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பாவனையாளர் தொகை பத்து மடங்கானால் கசிவும் ஏறக்குறைய அதே அளவில் கூடும். அப்போது நள்ளிரவு வரை அந்தச் சேர்வர் தாங்காமல் போகலாம்.