சண்டிக்கு ஒரு மாத்திரை

பூனைக்கு மாத்திரை கொடுக்கும் வீடியோக்கள் எல்லாமே ஒரே மாதிரிதான் தொடங்கும்: "முதலில் பூனையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்." அதற்கப்புறம் எனக்குப் பார்க்க ஒன்றுமில்லை. ஹாரோவில் எங்கள் பின்தோட்டத்துக்கு வரும் சாம்பல் நிறப் பூனை, இரண்டு வருஷமாக நான் போட்டதைச் சாப்பிடுகிறது. ஆனால் ஆறடிக்கு உள்ளே நான் வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும். பெயர் சண்டி. சாப்பாட்டிலும் அப்படித்தான். டின் உணவில் குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை வைத்துவிட்டுப் போகும்.

அதன் வாலுக்கு அடியில் காய்ந்த எள் மாதிரி ஏதோ ஒட்டியிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அது நாடாப்புழுவின் துண்டு. புதிதாக விழும்போது வெள்ளரி விதை போலவோ அரிசி போலவோ இருக்கும், காய்ந்தால் எள். பூனை தன் உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கும். புழுவின் குஞ்சு அந்தப் பூச்சிக்குள்தான் இருக்கிறது. எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு எலி மூலமாகவும் இன்னொரு வகை நாடாப்புழு வரும்.

எனக்குக் கவலை நாடாப்புழு மேல் இல்லை. அது இருக்கிற பூனைக்கு உருண்டைப்புழுவும் இருக்க வாய்ப்பு உண்டு. எங்கள் மகளுக்கு மூன்று வயசு, தோட்டத்தில் அவளுக்கு ஒரு மணல்பெட்டி. பூனைக்கு அதைவிட வசதியான கழிப்பறை கிடைக்குமா? உருண்டைப்புழுவின் முட்டை பீயோடு வெளியே வந்து, மண்ணில் சில வாரங்கள் கிடந்த பிறகுதான் தொற்றக்கூடியதாக மாறுகிறது. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். மண் பட்ட விரலை வாயில் வைக்கிற குழந்தைக்குள் அது போனால், எப்போதாவது கண்வரைகூடப் போய்ப் பார்வையைக் கெடுத்துவிடும். அதனால் முதல் நாளே மணல்பெட்டிக்கு மூடி போட்டேன். பீயைத் தினமும் அள்ளிவிட்டால் முட்டை முதிர நேரமே கிடைக்காது என்பதால் அதுவும் ஒரு வேலையாகச் சேர்ந்தது.

ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "பூனைக்கெல்லாம் மாத்திரையா? குப்பைமேனிய அரைச்சுக் குடு" என்றார். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு, அதன் வேரைக் கண்டால் பூனை புரளும். ஆனால் அதைப் பூனைக்கு எவ்வளவு கொடுப்பது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. பூண்டு வைத்தியம் இன்னும் மோசம். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. நம் வீட்டு மீன்குழம்பில் மாத்திரையை ஒளித்து வைக்கலாம் என்று நினைப்பவர்கள் அதைக் கவனிக்கவும்.

தோலில் விடும் சொட்டு மருந்து நல்லது, ஆனால் பிடரியில் விட வேண்டும். சண்டியின் பிடரி எனக்கு எட்டாது. அதனால் மாத்திரைதான். பிராசிக்வான்டல், பைரன்டல் இரண்டும் சேர்ந்த மாத்திரை இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கும். கடையில் பயிற்சி பெற்றவர் வயசு, எடை, உடல்நிலை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். எடையா? தொட முடியாத பூனைக்கு? மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய தட்டையான டிஜிட்டல் தராசு மாடியில் கிடந்தது. அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் சாப்பாட்டுத் தட்டு, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு உள்ளே வந்தோம். நான்கு நாள் பலகையைச் சந்தேகமாகச் சுற்றி வந்தது. ஐந்தாம் நாள் நாலு காலும் ஏறின. 3.4 கிலோ. பெட்டியில் போட்டிருந்த அளவுப்படி ஒரு மாத்திரை.

பொடித்துக் கலந்துவிடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பிராசிக்வான்டல் கடும் கசப்பு. மேல்பூச்சு இருப்பதே அந்தக் கசப்பை மூடத்தான். பொடித்தால் பூச்சு போய்விடும், பூனை நுரை தள்ளும். அதோடு விடாது, எந்தச் சாப்பாட்டில் கசந்ததோ அதை அப்புறம் முகர்ந்துகூடப் பார்க்காது. ஆகவே தினசரி உணவில் மருந்தை வைக்கவே கூடாது. பூனைக்கு இனிப்பு தெரியாது என்பதால் சர்க்கரை தூவியும் பயனில்லை. வாசனையும் கொழுப்பும்தான் அதன் பலவீனம்.

நான் எடுத்தது தண்ணீரில் போட்ட டின் மத்தி மீன், உப்பில்லாதது. அதோடு ஃப்ரிட்ஜில் உறைந்த நெய். மாத்திரையை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தில் நெய்யை அப்பி, மத்தியை மசித்துச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டினேன். மருந்தில்லாத இரண்டு உருண்டை வேறு. அதற்கு முன்னால் பத்து நாள், தினமும் மாலை ஆறரைக்கு, வெறும் மத்தி உருண்டை நான்கு. இந்தப் பத்து நாளை விட்டுவிட்டால் பதினோராம் நாள் நடக்காது. காட்டுப்பூனை நம்மை நம்புவதில்லை, நேரத்தைத்தான் நம்புகிறது.

அன்று காலை சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தேன், பட்டினி போடவில்லை. ஆறரைக்கு முதலில் வெறும் உருண்டை, அடுத்து மருந்து, மருந்து, கடைசியில் வெறும். ஒவ்வொன்றாகச் சமையலறைக் கதவிடுக்கிலிருந்து எறிந்தேன். இரண்டாவதை முகர்ந்துவிட்டு அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆரஞ்சு நிறத் தடியன் வேலிமேல் ஏறினான். சண்டி மெல்லக்கூட இல்லை, இரண்டையும் விழுங்கிவிட்டது.

தடியன் விழுங்கியிருந்தால்? அதற்காகத்தான் தட்டில் வைத்துவிட்டுப் போகாமல் எறிவது. இங்கே நரியும் முள்ளெலியும் வேறு வரும். எது தின்றது என்று கண்ணால் பார்க்காத மாத்திரை கொடுத்த கணக்கில் வராது.

புழு வெளியே வந்து விழும் என்று காத்திருக்க வேண்டாம், நாடாப்புழு பெரும்பாலும் உள்ளேயே கரைந்துவிடும். மருந்தின் வேலையும் அன்றோடு சரி. நாளைக்கே ஒரு தெள்ளுப்பூச்சியை விழுங்கினால் மறுபடி ஆரம்பம். வெளியே வேட்டையாடும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். தெள்ளுப்பூச்சிக்கு நாய் சொட்டு மருந்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

இந்த மாதக் கடைசியில் விலங்கு நல அமைப்பு ஒன்று கூண்டு இரவல் தருகிறது. கருத்தடைக்கு மயக்கம் கொடுக்கும்போதே பிடரியில் சொட்டு மருந்தையும் விட்டு, இடது காது நுனியை அடையாளத்துக்கு வெட்டி அனுப்புவார்கள். கூண்டுக்குள் என்ன வைப்பது என்று கேட்டார்கள். மத்தி வேண்டாம், அதை மாத்திரைக்கு வைத்திருக்கிறேன், கோழி ஈரல் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.