பழைய சேவையகத்தின் திறந்த துறைகள்: மலையகப் பதிவேடுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

மலையகத் தோட்டங்களின் வரலாறு ஒருவகையிற் பதிவேடுகளின் வரலாறாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், முன்னோர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. மக்களை விலக்குவதே அச்சட்டத்தின் விளைவாயிற்று. அதற்குக் கருவியாய் அமைந்தது ஆவணமின்மை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அக்குறை முற்றாக நீங்கவில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்கும் பெயரும் இலக்கமும் பிழையின்றிப் பதியப்பட்டிருத்தல் வேண்டும். அரைப்பேரா முழுப்பேரா என்பதையும் பதிவேடே தீர்மானிக்கின்றது.

கணக்கப்பிள்ளை கையால் எழுதிய செக்ரோல் இன்று கணினிக்குள் வந்து சேர்கின்றது. பேரேடு அலுமாரியிற் பூட்டப்பட்டிருந்த காலத்தில் திறப்பு யாரிடம் உள்ளது என்பது எல்லோருக்கும் தெரியும். அலுவலக மூலையிற் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையகத்துக்கு எத்தனை வாயில்கள் உள்ளன, அவற்றுள் எவை திறந்துள்ளன என்பதை எவ்வாறு அறிவது? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய சேவையகம் பற்றிய கவலை வெறுங் கற்பனையன்று. இலங்கை அரச நிறுவனங்களின் மின்னஞ்சல், லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்னும் அரச மேகக்கணிமையில் இயங்கி வந்தது. 2014ஆம் ஆண்டு முதல் 2023 வரை அங்கு பயன்பட்டது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் மென்பொருளாகும். அதற்கான நிறுவன ஆதரவு 2023 ஏப்ரல் 11ஆம் திகதி முடிவடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நிகழ்ந்த பணயத் தாக்குதலில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. புதுப்பித்தல் திட்டமிடப்பட்டிருந்தும் நிதிக்குறைவினாற் பிற்போடப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

துறை என்பது யாது?

கணினி வலையமைப்பில் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரியில் எந்தச் சேவையை நாடுகின்றோம் என்பதைக் குறிக்கும் எண்ணே துறை, அதாவது போர்ட், எனப்படுகின்றது. 1981 செப்டெம்பரில் ஜோன் பொஸ்டல் பதிப்பித்த டிசிபி நெறிமுறை ஆவணம் இதற்கு 16 பிட் இடம் ஒதுக்கியது. எனவே துறையெண்கள் 0 முதல் 65,535 வரை அமையும். 25 மின்னஞ்சலுக்கும், 80 வலைப்பக்கத்துக்கும், 445 விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கும், 3306 மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கும் வழக்கமாயின. 23ஆம் துறையில் இயங்கும் டெல்நெட், கடவுச்சொல்லை மறைகுறியாக்கமின்றி அனுப்புவது. பழைய சேவையகங்களில் அது விழித்திருத்தல் அரிதன்று.

ஒரு துறை திறந்திருத்தலின் பொருளை உலகம் 2017 மே 12ஆம் திகதி கண்டது. வன்னக்ரை என்னும் தீநிரல் 445ஆம் துறையின் வழியே பொறிவிட்டுப் பொறி பரவியது. அதனைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. தம்மிடம் அத்துறை திறந்துள்ளதென அறியாதோரும் அறிந்தும் திருத்தாதோரும் ஒருங்கே பாதிப்புற்றனர்.

இருவகைக் கணக்கெடுப்பு

தோட்டத்தில் ஆள் எத்தனை என்பதை இருவழிகளில் அறியலாம். ஒன்று செக்ரோலைப் பார்ப்பது; மற்றது காலையிற் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கூப்பிடுவது. சேவையகத்துக்கும் இவ்விரு வழிகளும் பொருந்தும்.

உள்ளிருந்து பார்ப்பது முதலாவது வழி. லினக்ஸ் முறைமையில் எஸ்எஸ் என்னும் கட்டளையும், அஃது இல்லாத பழைய முறைமைகளில் நெட்ஸ்டாட் கட்டளையும், செவிசாய்த்திருக்கும் துறைகளைப் பட்டியலிடும். விண்டோஸில் நெட்ஸ்டாட்டுடன் ஏ, என், ஓ ஆகிய எழுத்துக்களைச் சேர்த்தால், அத்துறையை வைத்திருக்கும் செயன்முறையின் எண்ணும் கிடைக்கும். இங்கு முகவரியையும் நோக்குதல் வேண்டும். 127.0.0.1 எனக் காட்டும் சேவை தன் பொறிக்குள் மட்டுமே பேசுவது, 0.0.0.0 எனக் காட்டுவது பொறியின் எல்லா இணைப்புகளிலும் காத்திருப்பது. பழைய யுனிக்ஸில் ஐநெட்டி என்னும் ஒரே செயன்முறை பல சேவைகளுக்காகக் காத்திருக்கும். ஆதலின் அதன் அமைப்புக் கோப்பையும் படித்தாலன்றி உண்மை புலப்படாது.

வெளியிலிருந்து கேட்பது இரண்டாவது வழி. 1997ஆம் ஆண்டு வெளியான என்மேப் இதற்குரிய கருவியாகும். அது துறைதோறும் இணைப்புக் கோரிக்கை அனுப்பும். ஏற்பு வந்தால் துறை திறந்துள்ளது. மறுப்பு வந்தால் மூடியுள்ளது. மௌனமே விடையாயின் பெரும்பாலும் தீச்சுவர் இடையில் நிற்கின்றது. யுடிபி நெறிமுறையில் திறந்த துறையும் மௌனம் காக்கலாம் என்பதால் அங்கு முடிவு எளிதன்று. துறையெண் சேவைக்கு உறுதியளிப்பதுமில்லை. 80ஆம் துறையில் வேறெதுவும் இயங்கலாம். எனவே சேவையின் பதிப்பையும் கேட்டறிதல் வேண்டும்.

இரு பட்டியல்களையும் ஒப்புநோக்கும்போதே உண்மையான அறிவு பிறக்கின்றது. உள்ளே காணப்பட்டு வெளியே விடையளிக்காத சேவை, தீச்சுவராலோ உள்முகவரியாலோ காக்கப்பட்டதாகலாம். வெளியே விடையளித்து உள்ளே காணப்படாத சேவையோ உடனடி விசாரணைக்குரியது. இடையிலுள்ள வேறொரு கருவி விடையளித்திருக்கலாம். அன்றேல் சேவையகமே கைப்பற்றப்பட்டு அதன் பட்டியல் பொய்யுரைக்கலாம். செக்ரோலில் இல்லாத ஒருவர் மலையில் நிற்பதற்கு ஒப்பானது இது.

மூடுவதற்கு முன்

அனுமதியின்றி இச்சோதனையில் இறங்குதல் தகாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமற்ற அணுகலைக் குற்றமாக்குகின்றது. பொறுப்பாளரின் எழுத்துமூல அனுமதியைப் பெறுதல் இன்றியமையாதது. விரைவான சோதனையிற் பழைய சேவைகள் உறைந்துபோவதுமுண்டு. ஆதலாற் காப்புப்பிரதி எடுத்தபின், சம்பளக் கணக்கு ஓடாத வேளையில், மெதுவாகச் செய்தலே முறை.

தேவையற்றதெனத் தோன்றும் சேவையை உடனே நீக்கிவிடுதலும் தவறாகும். மாதத்திற்கு ஒருமுறை சேமலாப நிதி விபரம் அனுப்புவதற்காக மட்டும் விழிக்கும் சேவையும் உண்டு. முதலிற் குறித்துவைத்து, தீச்சுவரால் மறித்து, ஒரு முழுச் சம்பள மாதம் கவனித்து, எவரும் நாடாதவிடத்தே நீக்குதல் நன்று. நீக்க முடியாத பழைய சேவையாயின், அதனை நாடவேண்டிய பொறிகளுக்கு மட்டும் வழிவிடல் வேண்டும்.

இப்பணிக்குப் பெருஞ் செலவில்லை. இங்குக் கூறிய கருவிகள் இலவசமாகக் கிடைப்பன. வேண்டியது, துறையெண், சேவை, அதன் பயன், பொறுப்பாளர் என்னும் நான்கு நிரல்கள் கொண்ட ஓர் ஏடும், அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒழுக்கமுமே. ஏடு இல்லாதவிடத்து இழப்பு நிறுவனத்தோடு நின்றுவிடுவதில்லை. கொழுந்து பறித்த கையின் உழைப்புக்குச் சான்று அச்சேவையகத்திலேயே உள்ளது. சான்றில்லாத மக்களுக்கு நேர்ந்தது யாதென்பதை மலையகம் ஒருமுறை பட்டறிந்துள்ளது. ஆதலின் தம் பெயர் பதியப்பட்ட பொறியின் வாயில்களை யார் காக்கின்றனர் எனக் கேட்பது, தொழிற்சங்கங்களும் கேட்கவேண்டிய உரிமை வினாவென நாம் கருதுகின்றோம்.